ஆண்களின் மார்பு வீக்கம்: அஞ்ச வேண்டியதும் அஞ்ச வேண்டாததும்



கூட்டுறவுச் சங்கத்தின் மூலதனம் பங்குப் பணம் மட்டும் அன்று. தறியில் அமரும் நெசவாளரின் உடல்நலமும், தோப்பிலும் வயலிலும் பாடுபடும் விவசாயியின் உடல்நலமும் அம்மூலதனத்தில் அடங்கும். ஆகையால் சுகாதாரப் பாடம் நம் போன்ற பத்திரிகைக்குப் புறம்பானதாகாது. இம்மாதப் படிப்பு வட்டத்திற்கு எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம், பலரும் வாய்விட்டுப் பேசக் கூசுவது: ஆண்களுக்கும் சிறுவர்களுக்கும் மார்பு பெண்களுடையதைப் போலப் பருத்துத் தோன்றுதல்.

பேசக் கூசுவதனாலேயே இதைப் பேச வேண்டியிருக்கிறது. இவ்வீக்கத்தில் பெரும்பகுதி தீங்கற்றது. தானே வந்து தானே மறைவது. ஒரு சிறு பகுதி மட்டும் உடலினுள் வேறு நோய் இருப்பதைக் காட்டும் அடையாளம். வெட்கம் இவ்விரண்டையும் ஒன்றாகப் போட்டு மூடிவிடுகிறது. அதனால் நோயற்ற பிள்ளை நோயாளியைப் போலக் குன்றிப் போகிறான். நோயுற்ற பெரியவரோ காலம் கடந்து மருத்துவமனைக்கு வருகிறார். எது எப்படிப்பட்டது என்று பிரித்தறியக் கற்பதே இப்பாடத்தின் நோக்கம்.

மார்பு ஆணுக்கும் உண்டு

மார்புச் சுரப்பி பெண்ணுக்கு மட்டுமே உரியது என்று எண்ணுவது தவறு. தாயின் வயிற்றில் கரு வளரும்போதே ஆண், பெண் இருபாலார்க்கும் மார்புச் சுரப்பியின் முளை தோன்றிவிடுகிறது. ஆணுக்கு அது காம்பின் அடியில் சில குழல்களோடு சிறிதாக அடங்கி நிற்கும். பெண்ணுக்குப் பருவம் எய்தியபின் வளர்ந்து விரியும். முளை இருவர்க்கும் உண்டு. அதை வளர்ப்பதும் அடக்குவதும் சுரப்பு நீர்களின் வேலை.

உடலிலுள்ள சில சுரப்பிகள் தம்மிடம் ஊறும் நீரை நேரே இரத்தத்தில் கலந்துவிடுகின்றன. இந்நீருக்கு ஹார்மோன் என்று பெயர். ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் மார்புத் திசுவை வளரத் தூண்டுகிறது. விரைகளில் ஊறும் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோன் அவ்வளர்ச்சியை அடக்குகிறது. ஈஸ்ட்ரோஜன் பெண்ணுடலில் மட்டும் உள்ளதன்று. ஆணுடலிலும் அது சிறிதளவு எப்போதும் இருக்கிறது. அதில் பெரும்பங்கு, ஆண் ஹார்மோனே கொழுப்புத் திசு முதலிய இடங்களில் மாறுதலடைவதால் உண்டாவதாகும்.

இதை மாங்காய் மண்டித் தராசைக் கொண்டு எளிதில் விளங்கிக்கொள்ளலாம். ஒரு தட்டில் ஈஸ்ட்ரோஜனும் மறு தட்டில் ஆண் ஹார்மோனும் இருப்பதாகக் கொள்வோம். ஈஸ்ட்ரோஜன் கூடினாலும் தராசு சாயும். ஆண் ஹார்மோன் குறைந்தாலும் அதே பக்கம் சாயும். ஆண் ஹார்மோன் அளவில் குறையாமல் அதன் வேலையை ஏதேனும் மருந்து தடுத்தாலும் சாயும். இம்மூன்றில் எது நேர்ந்தாலும் அடங்கிக் கிடந்த சுரப்பித் திசு வளரத் தொடங்குகிறது. மருத்துவ நூல்கள் இதனைக் கைனகோமாஸ்டியா என்று அழைக்கின்றன. பெண், மார்பு என்ற பொருள் தரும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை இது. கி.பி. 2ஆம் நூற்றாண்டிலிருந்த கேலன் என்னும் மருத்துவரிடமிருந்து இப்பெயர் வழங்கி வருகிறது. 7ஆம் நூற்றாண்டிலேயே ஏஜினாவைச் சேர்ந்த பால் என்னும் கிரேக்க மருத்துவர் இதற்கு அறுவைச் சிகிச்சை முறையை எழுதி வைத்தார். எனவே இது இக்காலத்து உணவாலோ நாகரிகத்தாலோ புதிதாக முளைத்த நோய் அன்று என்பது தெளிவு.

இயற்கையாகத் தோன்றும் மூன்று பருவங்கள்

நோய் எதுவும் இல்லாமலே மார்பு வீங்கக்கூடிய பருவங்கள் மூன்று உள. அவை பிறந்த குழந்தைப் பருவம், பிள்ளை வாலிபனாகும் பருவம், முதுமைப் பருவம் என்பன.

முதலாவது, பிறந்த குழந்தை. தாயின் ஹார்மோன்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தையின் உடலில் சேர்ந்திருப்பதால், ஆண் குழந்தை, பெண் குழந்தை என்ற வேறுபாடின்றிப் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு மார்பு சற்றே புடைத்திருக்கும். சிலவற்றுக்குக் காம்பிலிருந்து பால்போன்ற நீரும் கசியும். தாயின் ஹார்மோன் உடலிலிருந்து நீங்க நீங்க, சில வாரங்களில் இது தானே அடங்கிவிடும்.

இங்கே ஒரு தீய வழக்கத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். குழந்தையைக் குளிப்பாட்டும்போது மார்பைப் பிதுக்கிப் பாலை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கட்டிக்கொள்ளும் என்னும் நம்பிக்கை நம் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பலவற்றில் இன்றும் உண்டு. பாட்டிமார் இதைப் பேரக் குழந்தையின்மேல் வைத்த அன்பினாலேயே செய்கின்றனர். ஆனால் விளைவு நேர்மாறானது. பிதுக்குவதால் மென்மையான திசு நசுங்குகிறது; காம்பின் வழியே கிருமிகள் உட்புகுகின்றன; மார்பு சிவந்து பழுத்துச் சீழ்க்கட்டியாகிறது. சில நாள் வயதுடைய சிசுவுக்குச் சீழ்க்கட்டி உயிருக்கே ஆபத்தாகலாம். கத்தி வைக்க நேர்ந்தால், பெண் குழந்தையாயின் பிற்காலத்தில் அந்த மார்பு சரிவர வளராமலும் போகலாம். பிதுக்காமல், எண்ணெய் வைத்துத் தேய்க்காமல், தொடாமல் விட்டுவிடுவதே இதற்கு வைத்தியம். மார்பு சிவந்து சுட்டாலோ, குழந்தைக்குக் காய்ச்சல் கண்டாலோ, பால் குடிக்க மறுத்தாலோ உடனே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

இரண்டாவது, பிள்ளை வாலிபனாகும் பருவம். 10 வயதுக்கு மேல் விரைகள் வேலை செய்யத் தொடங்குகின்றன. அவ்வேளையில் இரு ஹார்மோன்களும் ஒரே சீராக ஏறுவதில்லை. ஆண் ஹார்மோன் முழு அளவை எட்டுவதற்கு முன் சிறிது காலம் ஈஸ்ட்ரோஜன் தட்டு தாழ்ந்து நிற்கும். அப்போது காம்பின் அடியில் வட்டமான ஒரு தடிப்பு தோன்றும். அழுத்தினால் வலிக்கும், சட்டை உராய்ந்தாலும் கூசும். ஒரு பக்கம் முந்தியும் மறுபக்கம் பிந்தியும் வரலாம். ஒரு பக்கத்தோடு நின்றுவிடுவதும் உண்டு. ஏறத்தாழப் பாதிப் பிள்ளைகளுக்கு இது ஏதோ ஓர் அளவில் நேர்கிறது. 13, 14 வயதில் மிகுதியாகக் காணப்படும். பெரும்பாலோர்க்கு 6 மாதம் முதல் 2 ஆண்டுக்குள் தானே கரைந்துவிடும்.

மூன்றாவது, முதுமை. 50 வயதுக்கு மேல் ஆண் ஹார்மோன் படிப்படியாகக் குறைகிறது. உடலில் கொழுப்பு கூடுகிறது. கொழுப்புத் திசு ஆண் ஹார்மோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. ஆகையால் முதியோர்க்கும் மார்பு பருக்கலாம். ஆயினும் முதுமையில் தோன்றும் வீக்கத்தை இயற்கை என்று நாமே முடிவு கட்டிக்கொள்ளக் கூடாது. மருத்துவர் பார்த்த பின்னரே அவ்வாறு முடிவு செய்ய வேண்டும். காரணம் பின்னர்க் கூறப்படும்.

பிள்ளையின் மனத்துயரம்

பருவ வயதுப் பிள்ளைக்கு உடலில் உண்டாகும் வலி சிறிது. மனத்தில் உண்டாகும் வலியே பெரிது. பள்ளியில் உடன் படிப்போர் பட்டப்பெயர் வைத்து அழைப்பர். பிள்ளை விளையாட்டு வகுப்பைத் தவிர்ப்பான். தென்பெண்ணையில் குளிக்க நண்பர்கள் அழைத்தாலும் போக மாட்டான். கடும் வெயிலிலும் இரண்டு சட்டை அணிவான். நெஞ்சை மறைக்கத் தோளை முன்னுக்கு வளைத்துக் கூன்போட்டு நடப்பான். நாளடைவில் அந்தக் கூனே பழக்கமாகிவிடுவதும் உண்டு. தந்தையிடம் சொல்ல அச்சம். தாயிடம் சொல்ல வெட்கம். தான் ஆண்மகனாக வளரவில்லையோ என்னும் சந்தேகம் அவனை உள்ளுக்குள்ளேயே அரிக்கும்.

இச்சந்தேகத்திற்கு ஆதாரமே இல்லை. பருவ வயதில் வரும் இவ்வீக்கத்தால் ஆண்மைக்கோ, பின்னாளில் மணவாழ்க்கைக்கோ, பிள்ளைப் பேற்றுக்கோ எவ்விதக் குறையும் வருவதில்லை. இதைத் தந்தையோ தாய்மாமனோ தனியே அழைத்து, "தம்பி, உன் வயதுப் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு இது வரும், வந்தபடியே போய்விடும்" என்று சொல்லிவிட்டால், பல பிள்ளைகளுக்கு வேண்டிய சிகிச்சை அதுவே. ஒன்றும் சொல்லாமல் சிரித்துவிட்டுப் போவதும், உறவினர் முன்னிலையில் கேலி செய்வதும் பிள்ளைக்குச் செய்யும் கொடுமையாகும்.

கொழுப்பா, சுரப்பியா?

பருத்த உடலுடையோர்க்கு மார்பில் கொழுப்புப் படிந்து வீக்கம்போலத் தோன்றுவது உண்டு. இது வேறு, சுரப்பி வளர்ச்சி வேறு. மல்லாந்து படுத்துக்கொண்டு, பெருவிரலையும் சுட்டுவிரலையும் மார்பின் இருபுறமும் வைத்து, காம்பை நோக்கி மெல்லக் கூட்டிவர வேண்டும். காம்பின் நேர் அடியில் ரப்பர் வில்லையைப் போன்ற தடிப்பு விரல்களுக்கிடையே அகப்பட்டால் அது பெரும்பாலும் சுரப்பித் திசு. காம்பை எட்டும்வரை எதுவும் அகப்படாமல் மெத்தென்று இருந்தால் அது கொழுப்பு. கொழுப்பானால் உணவைச் சீர்செய்து உடல் எடையைக் குறைக்கக் குறையும். சுரப்பித் திசு பட்டினி கிடப்பதால் கரையாது. ஐயம் தெளிவதற்கே இச்சோதனை; நோய் இல்லை என்று முடிவு செய்வதற்கு அன்று. அது மருத்துவரின் வேலை.

பெரியவர்களுக்கு ஏற்படும் காரணங்கள்

வாலிபர்க்கும் நடுத்தர வயதினர்க்கும் இது புதிதாகத் தோன்றினால் காரணத்தைத் தேட வேண்டும். முக்கியமானவை நான்கு.

1. மருந்துகள். இதய பலவீனத்திற்கும், ஈரல் நோயால் வயிற்றில் நீர் கோப்பதற்கும் கொடுக்கப்படும் ஸ்பைரோனோலாக்டோன், வயிற்றுப் புண்ணுக்கான சிமெடிடின், படைக்கு வாய்வழி கொடுக்கப்பட்டு வந்த கீட்டோகோனசோல், சிறுநீர்ப்பையின் கீழுள்ள பிராஸ்டேட் சுரப்பி வீக்கத்திற்கும் தலைமுடி உதிர்வதற்கும் தரப்படும் ஃபினாஸ்டெரைடு, மனநோய்க்கான ரிஸ்பெரிடோன் ஆகியவை இதை உண்டாக்கக்கூடியவை. 1952இல் புழக்கத்துக்கு வந்து காசநோய்ச் சிகிச்சையையே மாற்றியமைத்த ஐசோனியசிட் என்னும் மருந்தாலும் அரிதாக இது நேர்வதுண்டு.

இங்கே ஓர் எச்சரிக்கை. மார்பு வீங்குகிறது என்று கண்டு மருந்தைத் தாமே நிறுத்திவிடுவது, எலிக்கு அஞ்சி வீட்டைக் கொளுத்துவது போலாகும். காசநோய்க்கு வீட்டிலிருந்தபடியே மருந்து உண்டு குணமடையலாம் என்பதை உலகுக்கு மெய்ப்பித்தது, 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிமருத்துவ ஆராய்ச்சி நிலையமே. ஆனால் அம்முறை பலிப்பதற்கு ஒரே நிபந்தனை, மருந்தை இடையில் விடாமல் உண்பது. இடையில் விட்டால் நோய் மருந்துக்கு அடங்காததாகி, வீட்டிலுள்ள மற்றவர்க்கும் பரவும். அவ்வாறே 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் நமது கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கி வைக்கப்பட்ட "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தின்கீழ் இரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் வீட்டிலேயே மாத்திரை பெறும் முதியோரும், ஐயம் எழுந்தால் மாத்திரையை நிறுத்தாமல், அதைக் கொண்டுவரும் ஊழியரிடமோ மருத்துவரிடமோ சொல்ல வேண்டும். மாற்று மருந்து பெரும்பாலும் உண்டு.

2. மதுபானம். நெடுங்காலக் குடியால் ஈரல் சுருங்கிக் கெட்டுப்போனால், ஹார்மோன்களின் கணக்கு குலைகிறது, விரைகளும் நலிகின்றன. குடிப்பழக்கமுள்ளவர்க்கு மார்பு பருத்து, வயிறு ஊதி, கைகால் மெலிந்தால் அது ஈரல் தரும் எச்சரிக்கை. அப்போதாவது குடியை விட்டுச் சிகிச்சை பெறுவோர்க்கு ஆயுள் நீடிக்க வழியுண்டு.

3. உடற்கட்டு மருந்துகள். ஓசூர்ப் பகுதித் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் வாலிபர்கள் மாலையில் உடற்பயிற்சி நிலையங்களுக்குச் செல்வது நல்ல வழக்கமே. ஆனால் விரைவில் தசை திரள வேண்டும் என்று ஊசியாகவும் மாத்திரையாகவும் ஸ்டீராய்டு மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி வாங்கிப் போட்டுக்கொள்வோர் எங்கும் உண்டு. வெளியிலிருந்து புகுத்திய ஆண் ஹார்மோன் உடலினுள் ஈஸ்ட்ரோஜனாக மாறி மார்பை வளர்க்கிறது. அதே சமயம் விரைகள் தம் வேலையை நிறுத்திச் சுருங்கிவிடுகின்றன. ஆண்மைத் தோற்றம் வேண்டிப் போட்ட ஊசி அதற்கு நேர்மாறான பலனைத் தருகிறது. என்ன கலந்துள்ளது என்று சீட்டில்லாத பொடிகளும் இலேகியங்களும் இவ்வகையில் ஐயத்திற்குரியனவே.

4. வேறு நோய்கள். தைராய்டு சுரப்பியின் மிகை வேலை, சிறுநீரகக் கோளாறு, விரையில் தோன்றும் கட்டி ஆகியவற்றாலும் மார்பு வீங்கலாம். முற்றிய தொழுநோய் விரைகளைத் தாக்குவதால் முன்னாளில் தொழுநோயாளர் பலருக்கு இது காணப்பட்டது. 1982 முதல் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடக்கத்திலேயே பெறுவோர்க்கு இவ்வளவு தூரம் நோய் முற்ற இடமில்லை. பிறவியிலேயே ஆணுக்குரிய மரபணுத் தொகுதியில் ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக அமைந்துவிடுவதும் ஒரு காரணம். 1942இல் அமெரிக்க மருத்துவர் கிளைன்ஃபெல்டர் இந்நிலையை விவரித்தார். 1959இல் எடின்பரோவில் அதன் காரணம் கண்டறியப்பட்டது. இப்பிள்ளைகள் உயரமாக வளர்வர். விரைகள் சிறியனவாக இருக்கும். மீசை தாடி அரும்பத் தாமதமாகும். உரிய வயதில் கண்டுகொண்டால் ஹார்மோன் சிகிச்சையால் நன்மை உண்டு.

பட்டினிக்கும் இதற்கும் உள்ள தொடர்பு வியப்பானது. இரண்டாம் உலக யுத்தத்தில் ஜப்பானியர் முகாம்களில் பட்டினியால் வாடிய கைதிகள் விடுதலையாகி நல்ல உணவு உண்ணத் தொடங்கியபின், பலருக்கு மார்பு வீங்கியதை மருத்துவர்கள் கண்டனர். பட்டினியில் உறங்கிய விரைகள் உணவு கிடைத்ததும் மறுபடி விழித்து, பருவ வயதில் நடந்ததை இரண்டாம் முறை நடத்தியதே காரணம். சில மாதங்களில் அதுவும் தானே அடங்கிற்று. தராசு நிலைக்கு வரும்வரை ஆடும். பின் நின்றுவிடும் என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் இல்லை.

தொழிற்சாலையும் தோப்பும்

1976இல் போர்ட்டோ ரிக்கோ தீவில் கருத்தடை மாத்திரை செய்த ஒரு தொழிற்சாலையில் ஆண் தொழிலாளர் சிலருக்கு மார்பு வீங்கியது. ஆராய்ந்தபோது, காற்றில் பறந்த ஹார்மோன் தூளை அவர்கள் சுவாசித்ததே காரணம் என்று தெரிந்தது. நம் பிள்ளைகள் மருந்துத் தொழிற்சாலைகளுக்கும் வேலைக்குச் செல்கின்றனர். ஹார்மோன் மருந்தைக் கையாளும் பகுதியில் முகக்கவசம், கையுறை, வேலை உடுப்பு, வேலை முடிந்ததும் குளிக்கும் வசதி ஆகியவற்றைக் கேட்டுப் பெறுவது தொழிலாளியின் உரிமை. அவ்வுடுப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து மற்றத் துணியோடு துவைக்கக் கூடாது.

மாந்தோப்புக்கு அடிக்கும் பூச்சி மருந்தால் இது வருமா என்று அங்கத்தினர்கள் கேட்கக்கூடும். டி.டி.டி. உடலில் சிதைந்து உண்டாகும் ஒரு பொருள் ஆண் ஹார்மோனின் வேலையைத் தடுக்க வல்லது என்பது 1995இல் சோதனைச்சாலையில் காட்டப்பட்டது. டி.டி.டி.யை விவசாயத்தில் பயன்படுத்துவது இந்தியாவில் 1989இலேயே தடை செய்யப்பட்டுவிட்டது. தோப்பில் மருந்தடிப்போர்க்கு அதனால் மார்பு வீங்குகிறது என்று மெய்ப்பிக்கப்படவில்லை. ஆயினும் பூச்சி மருந்து வேறு பல வகையில் நஞ்சே. காற்றுக்கு எதிராக நின்று அடிக்காமை, மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுதல், அடித்தபின் சோப்பிட்டுக் குளித்தல் ஆகிய விதிகள் எக்காரணத்தாலும் கைவிடத்தக்கவை அல்ல.

பிராய்லர் கோழிக்கறி உண்பதால் பையன்களுக்கு மார்பு வளர்கிறது என்னும் பேச்சும் எங்கும் உலவுகிறது. அக்கோழி விரைந்து வளர்வதற்குக் காரணம் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய இனமும் தீவனமுமாகும். கறியால் பையன்களுக்கு மார்பு வளர்ந்ததாக மெய்ப்பிக்கப்படவில்லை. இப்பேச்சினால் விளையும் நஷ்டம், உண்மையான காரணத்தைத் தேடாமல் கறியை நிறுத்திவிட்டுக் காத்திருப்பதே.

உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டிய அடையாளங்கள்

ஆணுக்கும் மார்பில் புற்றுநோய் வரும். மார்புப் புற்றுநோயாளர் 100 பேரில் ஏறத்தாழ ஒருவர் ஆண். பெரும்பாலோர் 60 வயதைக் கடந்தவர். எண்ணிக்கை சிறிதாயினும், ஆணுக்கு இந்நோய் வராது என்னும் தவறான நம்பிக்கையாலும் வெட்கத்தாலும் ஆண்கள் தாமதித்தே வருகின்றனர். முதுமையில் தோன்றும் வீக்கத்தை இயற்கை என்று நாமே முடிவு செய்யலாகாது என்று மேலே கூறியது இதனாலேயே. கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருப்பினும் நாள் கடத்தக் கூடாது:

(அ) காம்பின் நேர் அடியில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கிய, கல்போன்று கெட்டியான, வலியற்ற கட்டி.

(ஆ) காம்பு உள்ளிழுத்துக்கொள்ளுதல், புண்ணாதல், காம்பிலிருந்து இரத்தம் கசிதல்.

(இ) மார்புத் தோல் சுருங்குதல் அல்லது தடித்தல். அக்குளில் நெறி கட்டுதல்.

(ஈ) விரையில் கட்டியோ கனமோ தோன்றுதல், அல்லது விரை சுருங்குதல்.

(உ) 9 வயதுக்கு முன்னரே பையனுக்கு மார்பு வளர்தல். அல்லது பருவ வயதில் தோன்றியது 2 ஆண்டுக்கு மேலும், 17 வயதுக்குப் பின்னும் நீடித்தல்.

(ஊ) இரத்த சம்பந்தமான தாய்க்கோ சகோதரிக்கோ மார்புப் புற்றுநோய் இருந்த குடும்பத்தில் ஆணுக்கு மார்பில் கட்டி தோன்றுதல்.

புற்றுநோய் என்றதும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் 12 படுக்கைகளோடு தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம் இன்று பெரிய மருத்துவமனையாக வளர்ந்து நிற்கிறது. கட்டி சிறிதாக இருக்கும்போதே வருவோர்க்கு அறுவையும் மற்றச் சிகிச்சைகளும் நல்ல பலன் தருகின்றன. வெட்கத்தால் கடந்துபோகும் ஒவ்வொரு மாதமும் அப்பலனைக் குறைக்கிறது.

சிகிச்சை

மருத்துவர் முதலில் வயது, எத்தனை நாளாக இருக்கிறது, உண்ணும் மருந்துகள், குடிப்பழக்கம் ஆகியவற்றைக் கேட்பார். கேட்டதற்கு மறைக்காமல் விடை கூற வேண்டும். மார்பையும் விரைகளையும் பார்ப்பார். தேவைப்பட்டால் இரத்தச் சோதனை, ஒலியலைப் படம், ஊசியால் திசு எடுத்துப் பார்த்தல் ஆகியவற்றைச் செய்யச் சொல்வார். ஈரல், சிறுநீரகம், தைராய்டு, ஹார்மோன் அளவு ஆகியன இரத்தச் சோதனையில் தெரியவரும்.

பருவ வயதுப் பிள்ளைக்குப் பெரும்பாலும் வேண்டுவது ஆறுதலும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனையுமே. மருந்தால் வந்ததாயின் மருந்தை மாற்றினால் அடங்கும். வீக்கம் புதிதாகவும் வலியோடும் இருக்கும் காலத்தில் டாமாக்சிஃபென் முதலிய மாத்திரைகள் சிலருக்குப் பயன்படும். அவற்றை நிபுணர் மேற்பார்வையிலன்றி உண்ணலாகாது. ஓராண்டுக்கு மேல் நீடித்தால் திசு நாராக இறுகிவிடும். அதன்பின் மாத்திரைக்கு அது கரையாது. மனத்துயரம் மிகுதியானால் அறுவை ஒன்றே வழி. காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் ஓரத்தில் சிறிதாகக் கீறிச் சுரப்பித் திசுவை எடுத்துவிடுவர். கொழுப்பை உறிஞ்சி எடுப்பதும் உண்டு.

பெருநகரத் தனியார் மருத்துவமனைகளின் விளம்பரங்களைக் கண்டு, 15 வயதுப் பிள்ளைக்கு வட்டிக்குக் கடன் வாங்கி அறுவை செய்விக்க ஓட வேண்டாம். பருவ வளர்ச்சி முடியுமுன் அறுவை செய்தால் மறுபடி வளரவும் கூடும். தானே போகக்கூடியதற்குக் கடன்படுவது அறிவுடைமை ஆகாது. முதலில் அருகிலுள்ள ஆரம்பச் சுகாதார நிலையத்தில் காட்டி, அவர்கள் சொன்னால் 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் ஆலோசனை பெறலாம். பள்ளிகளுக்கு வரும் அரசு மருத்துவக் குழுவினரிடமும் பிள்ளைகள் தனியே சொல்லலாம். களிம்பு தேய்த்தல், இறுக்கக் கட்டுதல், சூடு போடுதல் ஆகியவற்றால் ஒரு பயனும் இல்லை, புண்ணே மிஞ்சும்.

நாம் செய்ய வேண்டுவது

குடும்பத்தினர் சிசுவின் மார்பைப் பிதுக்காதிருக்கட்டும். தந்தைமார் பிள்ளையோடு ஒரு முறை வெளிப்படையாகப் பேசட்டும். ஆசிரியர்கள் வகுப்பில் பட்டப்பெயரைத் தடுக்கட்டும். பெரியவர்கள் குளிக்கும்போது மாதம் ஒரு முறை தம் மார்பைத் தடவிப் பார்க்கும் வழக்கத்தைக் கைக்கொள்ளட்டும். தறிக்குழியில் ஒரு இழை அறுந்தால் அப்போதே முடிச்சிட்டுவிடுகிறோம்; பார்த்தும் பாராமல் நெய்துகொண்டே போவதில்லை. உடலின் விஷயத்திலும் அந்தக் கவனம் வேண்டும்.

படிப்பு வட்டத்தில் விவாதிக்க வினாக்கள்

1. மார்பு வீங்கக்கூடிய இயற்கையான பருவங்கள் மூன்று எவை? அவற்றுள் எதில் மருத்துவரை அவசியம் பார்க்க வேண்டும்? ஏன்?

2. நம் ஊரில் குழந்தைக் குளிப்பாட்டில் மார்பைப் பிதுக்கும் வழக்கம் உண்டா? பாட்டிமார் மனம் புண்படாமல் அதை நிறுத்துவது எவ்வாறு?

3. மருந்தால் மார்பு வீங்குகிறது என்று தோன்றினால் செய்ய வேண்டியது யாது? செய்யக் கூடாதது யாது?

4. ஆணின் மார்பில் புற்றுநோயைக் காட்டும் அடையாளங்களை ஒவ்வொருவரும் பாராமல் கூறுக.

5. கேலிக்கு ஆளாகும் பிள்ளைக்கு உதவ நம் சங்கமும் பள்ளியும் சேர்ந்து செய்யக்கூடியவை எவை?